வான்கட்டில் ஒரு கைபிடிக் கம்பி

என் வயதில் இருப்பவர்களே, உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இப்போது கம்பி பூட்டியிருப்பார்கள். குளியலறைச் சுவரில் ஒன்று, வாசற்படியோரம் ஒன்று, கட்டில் தலைமாட்டில் ஒன்று. எனக்கும் மூத்த மகன் பூட்டித் தந்தான். "அம்மா, இதைப் பிடிச்சு எழும்புங்கோ, ஒரு பயமும் இல்லை" என்றான். நான் உடனே பிடிக்கவில்லை. முதலில் ஆட்டிப் பார்த்தேன். பிறகு உள்ளங்கையால் ஒருமுறை தடவி, கையை மூக்கடிக்குக் கொண்டுபோய் மணந்து பார்த்தேன். மருமகள் சிரித்துவிட்டாள். "மாமி கம்பியையும் சந்தேகப்படுறா" என்று அயலுக்கெல்லாம் சொன்னாள்.

ஆஸ்பத்திரிப் படியிலும் பஸ்ஸிலும் கோயில் கேணியடியிலும் நான் இதைத்தான் செய்கிறேன். கை தானாகவே மூக்குக்குப் போகிறது. ஏன் என்று மருமகளுக்குச் சொன்னால் விளங்காது. உங்களுக்கு விளங்கும். ஒரு ஊர் முழுக்க ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு ஒரு மாரிகாலத்தைக் கழிப்பது எப்படி என்று நீங்களும் கண்டிருப்பீர்கள்.

யாழ்ப்பாணத்தில் காணி போதாமல் வன்னிக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. விசுவமடுவுக்கு உள்ளே ஒரு குளத்தின் கீழ் அப்பாவுக்குக் காணி கிடைத்தது. அடுத்த காணி சித்தப்பாவுக்கு. சித்தப்பா என்றால் அம்மாவின் தங்கச்சியைக் கட்டியவர். நான் அப்போது நாலாம் வகுப்பில் இருந்தேன். அதற்கு அடுத்த வருடத்தோடு என் படிப்பு நின்றுவிட்டது, ஆகவே இதில் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளக்கட்டின் இந்தப் பக்கம் எங்கள் வீடுகள், அந்தப் பக்கம் பிள்ளையார் கோயில். நடுவிலே வான். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் பாய்ந்து வெளியேறுகிற இடத்தைத்தான் வான் என்போம். அதற்கு மேலே சீமெந்தில் ஒடுங்கிய ஒரு நடைபாலம் இருந்தது. மாரியில் தண்ணீர் அதற்குக் கீழாலே இரைந்து கொண்டு போகும். பக்கத்தில் நிற்பவர் கதைப்பது கேட்காது. தூவானம் பட்டுப் பட்டுப் பாலம் எந்த நேரமும் பாசி பிடித்துக் கிடக்கும்.

தொடக்கத்தில் அதற்குக் கம்பி இல்லை. தபால்காரரின் சைக்கிள் ஒருநாள் கடிதப் பையோடு வானுக்குள் விழுந்து, தபால்காரர் மட்டும் தவழ்ந்து கரையேறிய பிறகுதான் குளத்தைப் பார்க்கிற அரசாங்க அலுவலகத்துக்கு, எங்கள் பேச்சில் கந்தோருக்கு, புத்தி வந்தது. ஆட்கள் வந்து, தண்ணீர் விழுகிற பக்கத்தில் ஒரு நீளமான இரும்புக் குழாயைக் கைபிடியாகப் பூட்டிவிட்டுப் போனார்கள். கோயிலுக்குப் போகும்போது அது இடக்கைப் பக்கம் வரும்.

அந்தக் கம்பியை எங்கள் ஊர் பிடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. கோடையில் பெண்கள் அதில் சேலை காயப்போட்டார்கள். ஆட்டுக்குட்டி கட்டினார்கள். பின்னேரத்தில் ஆண்கள் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உர விலையும் நெல் விலையும் கதைத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாங்கள் ஒரு தடியால் அதைத் தட்டிக்கொண்டே ஓடுவோம். ஒரு முனையில் தட்டினால் மற்ற முனையில் காது வைத்தவருக்குக் கணீரென்று கேட்கும். விடியற்புறம் நீர்க்காகங்கள் வரிசையாக அதில் இருந்து செட்டையை விரித்துக் காயவைக்கும். வெயிலில் அந்த இரும்பு சுடும்போது வருகிற மணம், பழைய சருவக்குடத்தைத் தேய்த்ததும் வருமே, அந்த மாதிரி ஒரு மணம்.

அந்த நாளில் எங்கள் குடியிருப்பில் ஒருவரை ஒருவர் நம்புவது குறைவு. ஒவ்வொருவரும் குடாநாட்டின் ஒவ்வொரு ஊரில் இருந்து வந்தவர்கள். கோழி காணாமல் போனால் நரி பிடித்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். வயலுக்குத் தண்ணீர் பிந்தி வந்தால், இடையிலே யாரோ மறித்துவிட்டார்கள் என்பதுதான் முதற்கதை. எல்லாச் சந்தேகமும் கடைசியில் ஒரு ஆளிலே போய் நிற்கும். அவர் துருசுக்காரர். குளத்து மதகுக் கதவைத்தான் துருசு என்பது. அதைத் திறந்து பூட்டுகிற உத்தியோகம் அவருடையது. கந்தோர் கட்டிக்கொடுத்த சின்ன வீட்டில், கோயிற் பக்கக் கரையில், மனைவியோடும் பிள்ளைகளோடும் இருந்தார். முல்லைத்தீவுக் கடற்கரை ஆட்கள். வேதக்காரர். வாசல் நிலையில் ஒரு மாதா படம் ஒட்டியிருந்தது. சித்தப்பாவும் வேறு சிலரும் தண்ணீர்ப் பங்கு சரியில்லை என்று அவர்மேல் கந்தோரில் அவருக்கு மேலதிகாரியான ஓவசியரிடம் முறையிட்டிருந்தார்கள். அது முதற்கொண்டு அவர் சிரித்தாலும் குற்றம், சிரிக்காவிட்டாலும் குற்றம்.

இனிச் சின்னம்மாவின் கதைக்கு வருகிறேன்.

சின்னம்மாவுக்குக் கலியாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை. அவருடைய மாமியார் அதே வீட்டில் இருந்தார். கெட்ட மனுசி என்று சொல்லமாட்டேன். ஒரே மகன், வம்சம் நின்றுபோகும் என்ற பயம். ஆனால் பயத்தை அவர் வாயால் கொட்டுகிற விதம் வேறு. அந்த வருடம் கார்த்திகையில் எங்கள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, அம்மா கேட்கத்தக்கதாகச் சொன்னார்.

"இந்தப் பெருங்கதை விரதத்தையும் பிடிக்கட்டும். ஒழுங்காய்ப் பிடிச்சும் பிள்ளையார் கண் திறக்கேல்லையெண்டா, அதுக்குப் பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது. பருத்தித்துறையிலை ஒரு பெட்டை பாத்து வைச்சிருக்கிறன். பெடியனைக் கூட்டிக்கொண்டு போயிடுவன்."

"மாமி, தம்பி அதுக்கு என்ன சொல்லுறார்?" என்று அம்மா கேட்டார்.

"அவன் என்ன சொல்லுறது? வேண்டாம் எண்டும் சொல்லேல்லை."

அதுதான் சின்னம்மாவை அரித்தது. சித்தப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கதை குறைந்த மனிதர். வயல், மாடு, சாப்பாடு, படுக்கை. அந்த மாதத்தில் அவர் அடிக்கடி பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போய்வந்தார். விதைநெல் விசயம் என்றார். சின்னம்மா அவர் கழற்றிப்போட்ட சேர்ட்டை எடுத்து விரித்துப் பார்ப்பார். எதைத் தேடினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பெருங்கதை விரதம் உங்களுக்குத் தெரியும். கார்த்திகைப் பூரணைக்குப் பிறகு தொடங்கி இருபத்தொரு நாள். ஒரு நேரச் சாப்பாடு, கடைசி நாள் உபவாசம். பெண்களுக்கு இடக்கையில் நூற்காப்புக் கட்டுவார்கள். பின்னேரம் கோயிலில் கதை படிக்கக் கேட்டு, பொழுதுபட வீடு திரும்பவேண்டும். மச்சம், அதாவது மீன் இறைச்சி, சமைத்த சட்டி வீட்டுக்குள் இருக்கக்கூடாது. மீன் வாங்கிய பனையோலை உமலைக்கூட அம்மா வேலிக்கு வெளியே கொண்டுபோய்த் தொங்கவிட்டார். சின்னம்மாவுக்குத் துணையாக நான் தினமும் போவேன். அவருக்கு நெய்விளக்குத் தட்டு, எனக்குப் பூக்கூடை.

தொடங்கிச் சில நாள் போயிருக்கும். பெண்கள் வரிசையாகப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் போன மாமியார் திடீரென்று நின்று கையை மணந்து பார்த்தார். பிறகு தன் கையைத் தனக்குச் சொந்தமில்லாத சாமான் போல உடம்புக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"ஒருதரும் கம்பியைத் தொடாதையுங்கோ. மச்சம் மணக்குது."

எல்லோரும் குனிந்து மணந்து பார்த்தார்கள். உண்மைதான். மீன் எண்ணெய். சந்தையில் சுறா வெட்டுகிற பலகையடியில் நின்றால் வருமே, அந்த மணம். கம்பி முழுக்க மினுமினுத்தது. மாமியார் அப்படியே வீட்டுக்குத் திரும்பித் தலை முழுகிவிட்டு வந்தார்.

அடுத்த நாள் விடிய, விறகு பொறுக்கக் குளக்கட்டுக்குப் போனவரும் மாமியார்தான். வரும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. "கண்டன். என்ரை இரண்டு கண்ணாலையும் கண்டன். துருசுக்காரன் ஒரு சாராயப் போத்தலும் பழந்துணியுமாய் நிண்டு, கம்பிக்குப் பூசு பூசெண்டு பூசுறான்."

"ஏனாம்?" என்றார் அம்மா.

"ஏனோ? தண்ணிப் பங்கிலை அவனை முறையிட்டது ஆர்? என்ரை பெடியன். இப்ப விரதம் பிடிக்கிறது ஆர்? என்ரை பெடியன்ரை பெண்சாதி. கம்பி எந்தக் கைப் பக்கம்? காப்புக் கைப் பக்கம். இன்னும் என்ன வேணும்?"

கேட்ட எல்லோருக்கும் அது அச்சொட்டாகப் பொருந்தியது. எனக்கும் பொருந்தியது. இன்றைக்கு யோசித்தால், அந்தக் கரையில் இருந்த துருசுக்காரரிடம் போய் "இதென்ன பூசுறீர்?" என்று கேட்க நாலு நிமிடம் போதும். ஒருவரும் போகவில்லை. சந்தேகம் என்பது கேட்காமல் இருக்கிற வரைக்கும்தான் ருசி.

அதன் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் இரண்டு பெண்கள் மஞ்சள் தண்ணீரும் சாம்பலும் கொண்டுபோய் அந்தக் கம்பியைத் தேய்த்துக் கழுவினார்கள். அடுத்த நாள் விடிய அது திரும்பவும் மினுங்கும். கழுவினாலும் மணம் முழுக்கப் போகவில்லை. ஆகவே விரதக்காரர் ஒருவரும் கம்பியைத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. பின்னேரத்தில் அந்தக் காட்சியைப் பார்க்கவேண்டும். கைபிடி பக்கத்திலே இருக்க, பெண்கள் எல்லாம் இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து, சேலைத் தலைப்பு அதில் பட்டுவிடாமல் ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு, பாசியில் கால் விரலை ஊன்றி ஊன்றி நடந்தார்கள்.

அம்மாவுக்கு என்மேலும் சந்தேகம். துருசுக்காரரின் இரண்டாவது மகள் என் வகுப்பு. அவளோடு சேரக்கூடாது என்று கட்டளை. பொழுதுபட வீட்டுக்கு வந்ததும் "கையை நீட்டு" என்பார். இரண்டு கையையும் மணந்து பார்த்த பிறகுதான் சோறு. அந்தப் பிள்ளையிடம் ஒரு பெரிய சங்கு இருந்தது, உள்ளே வெளிறிய ரோசா நிறம். அதைக் காதில் வைத்துப் பார்க்கத் தருவதாகச் சொல்லியிருந்தாள். நான் பிறகு வகுப்பில் அவள் இருக்கிற வாங்குப் பலகையில் இருக்கவில்லை. அந்தச் சங்கை நான் கேட்கவே இல்லை.

ஒருநாள் வாய்க்காலில் சின்னம்மா உடுப்புத் தோய்க்கும்போது துருசுக்காரரின் மனைவி இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து மேல் படியில் நின்றார். சின்னம்மா நிமிரவில்லை.

"தங்கச்சி, கோவிக்காதையுங்கோ. பின்னேரத்திலை உங்களைப் பாக்கிறனான். வான் நல்லாப் பாயுது. கையைக் கட்டிக்கொண்டு நடக்காமல் கம்பியைப் பிடிச்சு நடவுங்கோ."

"எங்களுக்கு நடக்கத் தெரியும்" என்றார் சின்னம்மா.

"தெரியும்தான். விரதத்தோடை பெலன் இல்லாத உடம்பு. அதுதான் சொன்னனான்."

அவர் போய்விட்டார். வீட்டுக்கு வந்து சின்னம்மா இதைச் சொன்னதும் அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தினார்.

"பாத்தியே தங்கச்சி. பிடி எண்டு சொல்லுறாள். ஏன் பிடி எண்டு சொல்லுறாள்? எண்ணெய் பூசினது பிடிக்கிறதுக்குத்தானே. பிடிச்சால்தானே விரதம் கெடும்."

"அக்கா, அவா சொன்ன விதம் அப்பிடி இல்லை."

"உனக்கு உலகம் தெரியாது."

சின்னம்மா உடுப்பைக் கொடியில் போடப் போனார். ஆனால் அன்றிலிருந்து பாலத்தில் போகும்போது அவர் துருசுக்காரரின் வீட்டைத் திரும்பிப் பார்ப்பதை நான் கவனித்தேன். அது என்ன பார்வை என்று எனக்குப் பிடிபடவில்லை. எல்லோரையும் போல அவரையும் நான் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

கடைசி நாள் வந்தது. முந்தின நாள் தொடங்கிய மழை விடவில்லை. உபவாசம் என்றபடியால் தண்ணீர் தூக்கிக் கம்பி கழுவ ஒருவருக்கும் பெலன் இல்லை. பின்னேரம் நாங்கள் போனபோது வான் வேறு மாதிரி இருந்தது. செம்மண் நிறத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து, இடைக்கிடை பாலத்துக்கு மேலாகவே வழிந்தது. நாங்கள் நடக்க நடக்கக் காலடியில் பாலம் அதிர்ந்தது. மாமியாரும் மற்றவர்களும் ஒருவாறு கடந்து அந்தக் கரையில் ஏறி நின்றார்கள். அம்மா அவர்களுக்குப் பின்னால். கடைசியாகச் சின்னம்மா. அவருக்குப் பின்னால் நான். எனக்கு விரதமில்லை. ஆகவே நான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். கை முழுக்க எண்ணெய்.

நடுப்பாலத்தில் சின்னம்மா நின்றார்.

தண்ணீர் அவருடைய கால் விரல்களுக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் தட்டை வலக்கைக்கு மாற்றினார். ஒரு மூச்சு விடுகிற நேரம் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடக்கையை, காப்புக் கட்டிய அந்தக் கையை, மெல்லக் கொண்டுபோய் அதில் வைத்துப் பிடித்தார். பிடித்துக்கொண்டே மிச்சப் பாலத்தையும் கடந்தார்.

அவருக்கு வழுக்கவில்லை. நான் பின்னால் நின்று பார்த்தேன். இரண்டு காலும் ஊன்றியபடிதான் இருந்தன.

கரையில் நின்றவர்களுக்கு அது தெரியவில்லை. அவர்கள் கண்டது பிடித்த கையை மட்டும்தான். மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "வழுக்கிப் பிடிச்சுப்போட்டாள். கடைசி நாளிலை போச்சு. எல்லாம் போச்சு."

காப்பு நூல் எண்ணெயில் ஊறிக் கையோடு ஒட்டிக்கிடந்தது. கோயிலில் பூசகர் காப்பு அவிழ்க்க வந்தபோது மாமியார் நடந்ததைச் சொன்னார். பூசகர் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தார். "கட்டினது நான். அவிழ்க்கிறதும் நான்தான் செய்ய வேணும். மிச்சம் உள்ளை இருக்கிறவரிட்டைக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு அவிழ்த்தார். சின்னம்மா உள்ளே பார்த்துக் கும்பிட்டார். அழவில்லை. அவர் அழாதது எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனால் என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை மழை விட்டிருந்தது. ஆண்கள் போய் ஓவசியரைக் கூட்டி வந்தார்கள். கோயிற் பக்கக் கரையில், துருசுக்காரரின் வீட்டு வாசலுக்கு முன்னால் ஊர் கூடியது. ஓவசியருக்கு ஒரு கதிரை போட்டார்கள், அவர் இருக்கவில்லை. துருசுக்காரர் சேர்ட்டுப் போட்டுப் பொத்தானெல்லாம் பூட்டி, பிரேத வீட்டுக்கு வெளிக்கிட்டவர் போல நின்றார். அவர் மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் பிள்ளைகள்.

"கம்பிக்கு மீனெண்ணெய் பூசினது நீரோ?" என்று ஓவசியர் கேட்டார்.

"ஓம் ஐயா. சுறா எண்ணெய்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு.

"ஏன்?"

துருசுக்காரர் அவரைப் பார்த்து முழித்தார். "நீங்கள்தானே ஐயா சொன்னனீங்கள். தையிலை இஞ்சினியர் பாக்க வாறார், கம்பி துருப்பிடிச்சிருந்தா உன்ரை உத்தியோகம் போகுமெண்டு. பெயின்ற் கேட்டனான், வரேல்லை. எங்கடை பக்கத்திலை வள்ளத்துக்கும் நங்கூரத்துக்கும் உதுதான் பூசிறது. மாதா கோயில் வாசல் இரும்புக் கிராதிக்கும் உதுதான்."

"விரத நாள் எண்டு தெரியாதோ?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"விரதம் தெரியும். எண்ணெய் மச்சம் எண்டு ஆர் எனக்குச் சொன்னது? நான் ஒருக்காப் பூசினா மாரி முழுக்க நிக்கும். ஆரோ ஒவ்வொரு நாளும் வந்து தேய்ச்சுக் கழுவிவிடுறாங்கள். கம்பி துருப்பிடிக்கட்டும், இவன் போகட்டும் எண்டு வேணுமெண்டு செய்யினம் எண்டு நினைச்சனான். அதாலைதான் திருப்பித் திருப்பிப் பூசினனான். இரண்டு போத்தல் முடிஞ்சுது."

மஞ்சள் தண்ணீர் தூக்கிய இரண்டு பெண்களும் நிலத்தைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் நாங்கள் அவரைச் சந்தேகித்துக் கழுவ, மறுபக்கம் அவர் எங்களைச் சந்தேகித்துப் பூச, அந்தக் கம்பிதான் பாவம், தினமும் குளித்துத் தினமும் எண்ணெய் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

ஆனால் ஊர் அவ்வளவில் இளகவில்லை. மாமியார் முன்னுக்கு வந்தார். "கதை நல்லாயிருக்கு. என்ரை மருமோளின்ரை விரதம் கெட்டது கெட்டதுதானே. இவனாலை கெட்டது. இவனை இஞ்சை வைச்சிருந்தா அடுத்த வருசமும் கெடுப்பான். இவன் போகட்டும். அவள் அடுத்த பெருங்கதையை ஒழுங்காய்ப் பிடிக்கட்டும். அது வரைக்கும் நான் பருத்தித்துறைக் கதையை எடுக்கமாட்டன்."

அம்மா அப்போது என் தோளை இறுக்கிப் பிடித்தார். அந்தப் பிடியின் பொருள் இன்றைக்குத்தான் விளங்குகிறது. துருசுக்காரர் குற்றவாளி என்றால் தங்கச்சிக்கு இன்னும் ஒரு வருடம். அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் கண்டேன். நல்ல மனுசி என் அம்மா. அன்றைக்கு அவருக்கு அந்தக் கதவடியில் நின்ற பிள்ளைகள் தெரியவில்லை.

ஓவசியர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "துருப்பிடிக்கக்கூடாது எண்டு சொன்னது நான்தான். எதைப் பூசிறது எண்டு சொல்லேல்லை. இவர் அறியாமல் செய்தாரோ அறிஞ்சு செய்தாரோ, ஒரு பொம்பிளையின்ரை விரதத்தைக் கெடுத்தார் எண்டு ஊர் முழுக்கச் சொன்னா நான் இவரை இஞ்சை வைச்சிருக்கேலாது." பிறகு சின்னம்மாவைப் பார்த்தார். "நீர் சொல்லும் பிள்ளை. உம்மடை விரதம் இவராலை கெட்டதோ?"

ஓம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சின்னம்மாவுக்கு ஒரு வருடம் கிடைக்கும். துருசுக்காரர் பெட்டி கட்டவேண்டும்.

"இல்லை ஐயா" என்றார் சின்னம்மா.

"தங்கச்சி, வாயை மூடு" என்று அம்மா பல்லுக்குள்ளால் சொன்னார்.

"வழுக்கினதாலை தானே கையை வைச்சனீர்?" என்று ஓவசியர் கேட்டார்.

"வழுக்கேல்லை. மணம் தெரிஞ்சுதான் பிடிச்சனான். தண்ணி காலுக்கு மேலாலை வந்துது. எனக்குத் தலை சுத்திச்சுது. பின்னாலை அக்கான்ரை பிள்ளை வேறை வருகுது. நான் விழுந்தா அதையும் இழுத்துக்கொண்டு விழுவன். வழுக்கின பிறகு பிடிக்கிறதுக்கோ ஐயா கம்பி?"

ஓவசியர் திரும்பிப் பாலத்தைப் பார்த்தார். அங்கே வான் இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

"விரதம் கெட்டிருந்தா அது என்ரை கையாலை கெட்டது. இவரின்ரை எண்ணெயாலை இல்லை. கெட்டுதோ இல்லையோ எண்டு பிள்ளையாருக்குத்தான் தெரியும். இவர் வீட்டு அக்கா எனக்கு முதலே சொன்னவா, பிடிச்சு நடவுங்கோ எண்டு. நான்தான் கேக்கேல்லை."

கதவடியில் நின்ற துருசுக்காரரின் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஓவசியர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பெயின்ற் வரும்வரைக்குத் தேங்காயெண்ணெய் பூசும்படி துருசுக்காரருக்குச் சொன்னார். அவருடைய அலுவல் அதோடு முடிந்துவிட்டது. எங்களுடையது முடியவில்லை.

மாமியார் மகன் பக்கம் திரும்பினார். சித்தப்பா கூட்டத்துக்கு வெளியே, குளக்கட்டின் சரிவில் குந்தியிருந்து ஒரு புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டியே? தெரிஞ்சு பிடிச்சாளாம். தன்ரை விரதத்தைத் தானே கெடுத்தாளாம். இனி நான் என்னத்துக்குப் பொறுக்கிறது? சொல்லு. பருத்தித்துறைக்கு எப்ப வெளிக்கிடுறது?"

சித்தப்பா எழும்பி வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"நான் வரேல்லை அம்மா."

"என்ன?"

"நேற்றுப் பின்னேரம் நான் கீழை வயல் வரம்பிலை நிண்டனான். மழைக்குள்ளாலை பாலம் தெரிஞ்சுது. இவள் நடுவிலை நிண்டதைக் கண்டனான். பிடி, பிடி எண்டு கத்தினனான். வான் இரைச்சலிலை ஒருதருக்கும் கேட்டிருக்காது." அவர் அவ்வளவு நீளமாகக் கதைத்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "அந்த நேரம் எனக்கு விரதமும் நினைவு வரேல்லை, பிள்ளையும் நினைவு வரேல்லை. நீங்கள் வேணுமெண்டா போயிட்டு வாங்கோ."

சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டார். அந்த மாரி முழுக்க அந்த மனிதருடைய சேர்ட்டை விரித்து விரித்துப் பார்த்தவர் அவர். முந்தின நாள் வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது.

சின்னம்மாவுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. பிறந்தது என்று எழுதினால் உங்களுக்கும் சந்தோசமாக இருக்கும். ஆனால் பிறக்கவில்லை. அவர் பெருங்கதையை விடவுமில்லை. வருடா வருடம் பிடித்தார். மாமியார் கண் மூடும்வரை அதே வீட்டில்தான் இருந்தார். பருத்தித்துறைப் பேச்சை மட்டும் பிறகு எடுக்கவில்லை. விரதம் பலிக்கவில்லை என்று அயலில் சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நான் படித்தவள் இல்லை, வாதாடத் தெரியாது. கண்டதைத்தான் சொல்லுவேன்.

அன்று காலை கூட்டம் கலைந்து எல்லோரும் பாலத்தால் வீடு திரும்பினோம். புருஷன் முன்னால், பெண்சாதி பின்னால் என்பதுதான் அந்த நாளைய நடை. சித்தப்பா பாலத்தடியில் ஒதுங்கி நின்று சின்னம்மாவை முன்னால் போகவிட்டார். அவர் கம்பியைப் பிடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்று, அதன் பிறகுதான் தானும் பாலத்தில் கால் வைத்தார்.